ஆயில் ஏறாது என்று நான் சொன்ன நாள்

2023 ஜூன் 14, புதன்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். இரண்டு இட்லி, ஒரு காபி, இடுப்பு வலிக்குப் பட்டை. 6.15க்கு அம்பத்தூர் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, 7.05க்கு நசரத்பேட்டை யார்டில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். யார்டில் அன்று நின்றவை பதினொரு லாரிகள். இரண்டுக்கு பிரேக் வேலை, ஒன்றுக்கு முன் கண்ணாடி, மற்றவற்றுக்கு டயர் காற்றும் விளக்குகளும் பார்க்க வேண்டும். 8.40க்கு டீ. 9.15க்குக் கண்ணாடிக்காரர் வந்தார்.

இதெல்லாம் என் டைரியில் அப்படியே இருக்கின்றன. அதே பக்கத்தில் 11.25 என்ற நேரத்துக்கு எதிரே ஒரே ஒரு சொல் மட்டும் இருக்கிறது: "ஏறாது."

லாரிக் கம்பெனிகளின் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர், எந்த ஆயில் நல்லது என்று என்னைக் கேட்கிறீர்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் குறித்துக்கொண்டு போய்விடுவீர்கள். நான் பெயர் சொல்லப்போவதில்லை. தவறான ஆயில் முதலில் எதைக் கெடுக்கும் என்று கேட்டால் இஞ்சின் என்பீர்கள். எங்கள் யார்டில் அது முதலில் கெடுத்தது ஒரு மனிதரின் பெயரை. அந்த ஆயிலைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். நான் அந்தக் கம்பெனிக்குப் போனபோது ஸ்டோரில் ஐந்து வகை ஆயில் இருந்தது. திறந்த டப்பாக்கள், அழிந்த லேபிள்கள், எதை எதில் ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாத நிலை. ஒரு முறை கியர் ஆயிலை இஞ்சினில் ஊற்றியும் வைத்தார்கள். நான் எல்லாவற்றையும் வெளியேற்றினேன். ஒரே வகை இஞ்சின் ஆயில், ஒரே பீப்பாய், ஒரே பம்பு. சுவரில் நானே ஸ்டென்சில் வைத்து எழுதினேன்: "எல்லா வண்டிக்கும் இந்த ஆயில் மட்டும்." குழப்பம் அன்றோடு நின்றது. முதலாளி வெளியாட்களை அழைத்து வந்து அந்தச் சுவரைக் காட்டுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதி மாறியது. புதிய விதிப்படி தயாரான மூன்று லாரிகளை வாங்கினோம். அவற்றின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உண்டு. கரும்புகையைப் பிடித்து வைத்து, அவ்வப்போது அதைச் சூடாக்கி எரித்துவிடும். இலவச சர்வீஸ் முடியும்வரை வண்டி விற்றவர்களே தங்கள் ஆயிலை ஊற்றினார்கள். அதன் பிறகு வண்டிகள் என் பீப்பாய்க்கு வந்தன. பீப்பாயின் முகப்பில் 15 டபிள்யூ 40 என்று இருந்தது. புதிய வண்டிக்கும் அதே எண் என்று யாரோ சொன்னார்கள். சரி, ஊற்று என்றேன். அந்த எண் ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்லும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ஆயிலின் வகையைச் சொல்லும் சி.ஐ.4 என்பதை நான் படிக்கவில்லை. வண்டியோடு வந்த கையேடு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், என் அலமாரியில் வரிசை எண் ஒட்டப்பட்டு நின்றது. வரிசை எண் ஒட்ட நேரம் இருந்தது. பிரித்துப் பார்க்க நேரம் இல்லை.

அந்த மூன்றில் அதிகம் ஓடியது ஏழுமலையின் வண்டி. ஏழுமலைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஆவடிக்கு வெளியே முத்தாபுதுப்பேட்டையில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கார் உதிரிபாகங்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் போய் வருவார். ஒன்பது ஆண்டுகள் எங்களிடம் ஓட்டியவர். பேச்சில் கொஞ்சம் காரம் உண்டு. வண்டியில் தூசி இருக்காது.

2023 ஏப்ரலிலிருந்து அவருடைய வண்டியின் மைலேஜ் இறங்கத் தொடங்கியது. லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டர் கொடுத்தது நான்காயிற்று, பிறகு மூன்றரையாயிற்று. நம் தொழிலில் மைலேஜ் குறைந்தால் முதலில் யாரைப் பார்ப்பார்கள் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காற்று ஃபில்டரைப் பார்க்க மாட்டார்கள், இஞ்செக்டரைப் பார்க்க மாட்டார்கள். டிரைவரைப் பார்ப்பார்கள். "டீசல் இறக்குறான்", அதாவது திருடி விற்கிறான், என்ற இரண்டு சொற்கள் தயாராக இருக்கும். சொல்வதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, கை அழுக்காகாது. இன்றும் பெரும்பாலான யார்டுகளில் இதுதான் முதல் பரிசோதனை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

மே 23 அன்று ஏழுமலை என் அறைக்கு வந்தார்.

"சார், வண்டில ஆயில் ஏறுது."

"இறங்குதா?"

"ஏறுதுன்றேன். போன வாரம் அளவு குச்சில கோட்டுக்குக் கீய இருந்துச்சு. இப்போ கோட்டுக்கு மேல கீது. நான் ஒரு சொட்டு ஊத்தல."

"வண்டி சாய்வா நின்னிருக்கும். சமதளத்துல நிறுத்தித் துடைச்சுட்டுப் பாருங்க."

"நான் இன்னா இன்னிக்கு நேத்தா பாக்குறேன்? இன்னொன்னு சார், அந்த சைலன்சர் லைட்டு வாரத்துக்கு மூணு வாட்டி எரியுது. நின்னு எரிச்சுட்டுப் போன்னு காட்டுது. நின்னா ஆபீஸ்ல கத்துறாங்க. நிக்காட்டி வண்டி இழுக்க மாட்டேன்னுது. நான் இன்னாதான் பண்றது?"

டைரியில் எழுதினேன்: "ஏழுமலை: ஆயில் ஏறுகிறதாம். டிப் ஸ்டிக்கைச் சரியாகத் துடைக்காமல் பார்த்திருப்பார்." பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "அர்த்தமற்றது" என்றும் எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் போல நன்றாகவே இருக்கிறது.

இஞ்சின் ஆயில் குறையும், கறுக்கும், ஒழுகும். ஊற்றாமல் அளவு அதிகமாகாது. அப்படித்தான் இருபத்தாறு ஆண்டுகளாகப் பார்த்து வந்தேன். ஆகவே ஏறுகிறது என்று சொன்னவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. நான் போய்ப் பார்த்திருக்கலாம். வண்டி என் அறையிலிருந்து நாற்பது அடி தூரத்தில் நின்றது.

இனி ஜூன் 14 காலை 11 மணி.

ஆபரேஷன்ஸ் மேனேஜரின் அறையில் விசாரணை. மேனேஜருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெளியூரிலிருந்து வந்து போரூர்ப் பக்கம் ஃபிளாட்டில் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் திரையில் பார்ப்பவர். அன்றும் ஜி.பி.எஸ். பதிவைத் திறந்து வைத்திருந்தார்.

"ராணிப்பேட்டை தாண்டி முப்பத்தெட்டு நிமிஷம் நிறுத்தம். கிருஷ்ணகிரிக்கு முன்னாடி நாற்பது நிமிஷம். திரும்பி வரும்போது மறுபடியும். எல்லாத்திலேயும் இஞ்சின் ஆன். இஞ்சினை ஓட விட்டுட்டு ரோட்டோரம் என்ன செய்வீங்க ஏழுமலை? பாட்டு கேட்பீங்களா?"

"லைட்டு வந்துச்சு சார். ஸ்விட்ச அமுக்கினா தானா ரெய்ஸ் ஆவும். அது அடங்குற வரைக்கும் நிக்கணும்."

"மத்த ரெண்டு வண்டியில அவ்வளவு வரலையே?"

"அது எவ்ளோ ஓடுது, என்து எவ்ளோ ஓடுது? மாசத்துக்குப் பத்தாயிரம் ஓட்டுறேன் சார் நானு. அதுங்க ஸ்ரீபெரும்புதூர் போய்ட்டு வர்ற வண்டிங்க."

நல்ல பதில் அது. அந்த அறையில் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். நான் ஜி.பி.எஸ். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஆயில் தானா ஏறுதுன்னு வேற சொன்னீங்களாம்." மேனேஜர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் எக்ஸ்பர்ட். நீங்களே சொல்லுங்க. ஆயில் ஏறுமா?"

"ஏறாது," என்றேன்.

ஏழுமலை மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஒம்போது வருசம் ஓட்டினேன். டேங்க்குக்கு சீல் வெச்சிங்க, ஒண்ணும் சொல்லல. சீல் ஒடையாம டீசலு எப்டி போவும்னு ஒருத்தர்னா கேட்டிங்களா? இன்னா சார் படிச்சிகிறீங்க நீங்கல்லாம்?"

அவர் வெளியே போன பிறகு மேனேஜர் தன் போனை எடுத்தார். பூந்தமல்லி வட்டாரத்தில் லாரி வைத்திருக்கும் கம்பெனிகளின் மேனேஜர்களுக்கும் பராமரிப்புக்காரர்களுக்கும் ஒரு வாட்ஸ்ஆப் குழு இருந்தது. சாலை மறியல், டோல், எங்கே மழைத் தண்ணீர் நிற்கிறது என்பதைப் பகிர ஆரம்பித்தார்கள். போகப் போக அதில் டிரைவர்களின் லைசென்ஸ் படங்கள் வரத் தொடங்கின. ஒரு படிவம்கூட உருவாகிவிட்டது. மேலே படம், கீழே பெயர், பொறுப்பு, காரணம். காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் "டீசல் திருட்டு" என்று இருக்கும். அந்தப் படம் வந்த பிறகு நசரத்பேட்டை முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை அந்த ஆளுக்கு யாரும் வண்டி தர மாட்டார்கள். போலீஸ் இல்லை, வழக்கு இல்லை, அவர் தரப்பு என்று ஒரு வரி இல்லை. நானும் அந்தக் குழுவில் இருந்தேன். எத்தனையோ முகங்கள் என் போனில் வந்து போயின. ஒன்றையாவது யார், என்ன, விசாரித்தீர்களா என்று நான் கேட்டதில்லை. கட்டை விரலால் மேலே தள்ளிவிட்டு மழைச் செய்தியைத் தேடினேன்.

11.40க்கு ஏழுமலையின் லைசென்ஸ் படம் குழுவில் வந்தது.

வண்டி அன்று நான்கு மணிக்கு ஓசூர் கிளம்ப வேண்டும். வேறு டிரைவரை ஏற்பாடு செய்துவிட்டார்கள். புது டிரைவர் கையில் வண்டியைக் கொடுக்கும் முன் நானே ஒரு முறை பார்த்துவிடுவது என் வழக்கம். 1.30க்கு, சாப்பிட்டு முடித்ததும், போனேன். வண்டி சிமெண்ட் தளத்தில், சமதளத்தில், காலையிலிருந்து இஞ்சின் குளிர்ந்து நின்றது. டிப் ஸ்டிக்கை இழுத்தேன். துடைத்தேன். மறுபடி விட்டு இழுத்தேன்.

மேல் கோட்டுக்கு இரண்டு விரல் உயரத்தில் ஆயில் நின்றது.

மூன்றாவது முறையும் துடைத்துப் பார்த்தேன். வண்டிக் குறிப்பேட்டைப் பார்த்தேன். கடைசியாக ஆயில் மாற்றியவன் என் மெக்கானிக் கன்னியப்பன். அளவு எழுதி, நான் கையெழுத்திட்டிருக்கிறேன். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே. கன்னியப்பனைக் கூப்பிட்டேன். அவன் குச்சியை வாங்கி மூக்கருகே வைத்தான்.

"இன்னா சார் இது? டீசல் நாத்தம் அடிக்குது."

ஒரு துளியை நியூஸ்பேப்பர் மேல் விட்டான். இரண்டு பேரும் குனிந்து நின்றோம். நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு நின்றது. அதைச் சுற்றி வெளிறிய ஈரம் ஒன்று பரவிக்கொண்டே போய் ஒரு விளம்பரத்தை முழுக்க நனைத்தது. வெறும் ஆயில் அவ்வளவு தூரம் பரவாது.

"அண்ணாத்தே சொன்னப்போ நம்மல்லாம் சிரிச்சோமே சார்," என்றான் கன்னியப்பன்.

வருத்தப்பட அது நேரம் இல்லை. ஒரு துளியை வைத்து மேனேஜரிடம் பேச முடியாது. டிரைவரே டீசலை ஆயிலில் ஊற்றினார் என்றுகூட அவர் சொல்லக்கூடும். வண்டியே சாட்சி சொல்ல வேண்டும். டீசல் கலந்த ஆயில் தண்ணீராகிப்போயிருக்கும். அதோடு வண்டியை வெகுதூரம் ஓட்டினால் பேரிங் போய்விடும். காலி வண்டி, போய்வர இருபது கிலோமீட்டர், நாற்பதுக்கு மேல் வேகம் கூடாது என்று முடிவு செய்தேன். கன்னியப்பன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். 2.10க்கு வெளிவட்டச் சாலையில் ஏறினோம். முந்தின நாள் மாலைதான் நின்று எரித்து முடித்ததாக ஏழுமலை குறிப்பேட்டில் எழுதியிருந்தார். நல்ல நிலையில் இருக்கும் வடிகட்டிக்கு இன்னும் பல நாள் அந்த வேலை இருக்கக் கூடாது.

பதினாறாவது கிலோமீட்டரில் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தினோம். கன்னியப்பன் ஸ்விட்சை அழுத்தினான். இஞ்சின் தானாக உறுமத் தொடங்கியது. கீழிருந்து அடுப்பு போல் அனல் வந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் என் போன் அடித்தது. மேனேஜர்.

"சார், அந்த வண்டி ரிங் ரோட்டுல நிக்குது. இஞ்சின் ஆன்ல இருக்கு. யாரு எடுத்துட்டுப் போனது? அங்கேயும் டீசல் இறக்க ஆரம்பிச்சுட்டானுங்களா?"

"நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

"நீங்களா? நிறுத்திட்டு என்ன செய்யறீங்க?"

"பாட்டு கேக்குறேன்," என்றேன்.

அப்படிப் பேசுகிறவன் இல்லை நான். கன்னியப்பன் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதர் இரண்டு மாதங்களாக, வெயிலில், ஆளில்லாத சாலையோரத்தில், இப்படி உட்கார்ந்து கம்பெனி வண்டியைக் காப்பாற்றியிருக்கிறார். கையேடு சொன்னதைச் செய்த ஒரே ஆள் அவர்தான். அவர் நின்ற ஒவ்வொரு நிமிடத்தையும் நாங்கள் திருட்டு என்று கூட்டி வைத்திருந்தோம்.

3.25க்கு யார்டுக்குத் திரும்பினோம். ஓசூர் பயணம் ரத்து என்று பலகையில் எழுதினேன். அலமாரியைத் திறந்து கையேட்டின் உறையைக் கிழித்தேன். ஆயில் பற்றிய பக்கத்தில், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் இருந்தது: சி.கே.4 வகை, சாம்பல் குறைந்த ஆயில் மட்டும். ஸ்டோருக்குப் போய்ப் பீப்பாயைக் குனிந்து படித்தேன். சி.ஐ.4. வண்டி விற்றவர்களின் சர்வீஸ் ஃபோர்மேனைப் போனில் பிடித்தேன்.

"அந்த ஆயிலை எத்தனை தடவை ஊத்தினீங்க சார்?"

"மூணு தடவை."

"மூணா?" என்றார். "வடிகட்டியைக் கழற்றிக் கொண்டு வாங்க. உள்ளே என்ன இருக்குன்னு இப்பவே சொல்றேன். சாம்பல்."

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்கள் மறக்கக் கூடாது. ஆயிலில் இஞ்சினைச் சுத்தமாக வைக்கும் மருந்துகள் கலந்திருக்கும். கொஞ்சம் ஆயில் எப்போதும் எரியும். எரிந்தால் அந்த மருந்துகள் சாம்பலாகும். பழைய வகை வண்டியில் அது புகையோடு வெளியே போய்விடும். புதிய வகையில் வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். கரியைச் சூடாக்கி எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது சேர்ந்துகொண்டே போய் வடிகட்டியை அடைக்கும். கரிக்கு இடம் குறையும். ஆகவே வண்டி அடிக்கடி எரிக்கப் பார்க்கும். எரிப்பதற்கு இஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். மைலேஜ் அங்கே போகிறது. பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலோடு சேரும். ஆயில் ஏறுகிறது.

குறைந்த மைலேஜ், சாலையோர நிறுத்தம், ஏறுகிற ஆயில். ஏழுமலைக்கு எதிராக மேஜை மேல் வைக்கப்பட்ட மூன்றும் என் பீப்பாயிலிருந்து வந்தவை. ஒழுங்கு என்ற பெயரில் நான் செய்தது சோம்பேறித்தனம். ஐந்து லேபிள்களைப் படிக்க அலுத்து ஒன்றாக்கினேன். அந்த ஒன்றையும் படிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆயிலை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து "நல்லா கெட்டியா இருக்கு" என்று சொல்பவர்களை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். கெட்டியாக இருந்தால் வலு என்று முதலாளியும் நம்புவார், கடைக்காரரும் நம்ப வைப்பார். தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலைச் சுற்றுவதற்கே இஞ்சின் தன் வலுவைச் செலவழிக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டரில் கறுத்துவிட்டது, மட்ட ஆயில் என்பார்கள். டீசல் இஞ்சினில் ஆயில் கறுக்கத்தான் வேண்டும்; அழுக்கைத் தூக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். விரலுக்கு வகை தெரியாது, நிறத்துக்கும் தெரியாது. வண்டியின் கையேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. பீப்பாயில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும். எந்த ஆயில் நல்லது என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்தை நான் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போட்டேன்.

5.30க்கு மேனேஜரின் அறை. கையேடு, நியூஸ்பேப்பர், குறிப்பேடு மூன்றையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் புத்திசாலி, ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார். முகம் கறுத்தது.

"சரி சார். ஏழுமலையைக் கூப்பிட்டு வேற வண்டி குடுத்துடலாம். குரூப்ல போட்டதை டெலீட் பண்ணிடறேன்."

"டெலீட் பண்ணினா போதுமா? எல்லாரும் பார்த்தாச்சு. தப்புன்னு போடணும்."

"என்னன்னு போடுறது? எங்க யார்டுல தப்பான ஆயிலை மூணு தடவை ஊத்தினோம்னா? லோடு குடுக்கிற பார்ட்டிங்க ஆளுங்களும் அதுல இருக்காங்க சார். கம்பெனி பேர் என்ன ஆகும்?"

"அவர் பேரு?"

"நாலு நாள்ல மறந்துடுவாங்க. டிரைவருக்கு இதெல்லாம் சகஜம்."

சகஜம் என்ற அந்தச் சொல்லை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. கம்பெனி என்றால் பெயர் கெடும். டிரைவர் என்றால் சகஜம். கம்பெனியின் பெயருக்கு லெட்டர்ஹெட் இருக்கிறது, கணக்காளர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். ஏழுமலையின் பெயருக்கு ஒரு லைசென்ஸ் அட்டை இருந்தது. அதைத்தான் படம் பிடித்து அனுப்பியிருந்தோம்.

"நீங்க போடலைன்னா நான் போடுவேன்," என்றேன்.

"கம்பெனி விஷயத்தை வெளியில போட்டா, நாளைக்கு நீங்களும் சாவியை வெச்சுட்டுப் போக வேண்டியதுதான் சார். யோசிச்சுக்குங்க."

அங்கிருந்து நேராக முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். ஆவடியைத் தாண்டும்போது 6.35, வெளிச்சம் இன்னும் இருந்தது. ஏழுமலை வாசலில் லுங்கியோடு உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. அவருடைய மனைவிதான் வெளியே வந்தார்.

"இவுருதான் ஆயில் சாரா? வாங்க சார், நல்லா கீறீங்களா? நாலு ஊடு தள்ளி ஒரு டிரைவர் கீறான், அவன் போன்ல எங்க ஊட்டுக்காரர் போட்டோ வந்துகீது. எவ்ளோ லிட்டர்மா அடிச்சார், எங்களுக்கு ஒரு கேன் இல்லையான்னு வந்து கேட்டுட்டுப் போறான். இன்னா பதில் சொல்லட்டும், நீங்களே சொல்லிக் குடுங்க."

"ஆயில் ஏறுச்சு," என்றேன் ஏழுமலையைப் பார்த்து. "நான் பார்த்தேன். தப்பான ஆயிலை ஊத்தினது நான். அதனாலதான் எல்லாம்."

செயினைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"இதக் காலீல வந்து பாக்குறதுக்கு இன்னா சார்? நாப்பது அடி."

அவர் செயினை விட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார்.

"மேனேஜர் சொன்னா எனுக்கு ஒண்ணும் இல்ல. அவுருக்கு லாரிக்கு எத்தினி டயருன்னு தெரியாது. நீங்க ஏறாதுன்னீங்க பாருங்க, அப்போதான் சாவிய வெச்சேன். வண்டி தெரிஞ்ச ஆளே சொல்லிட்டாரு, இனிமே இன்னா பேசறதுன்னு."

"வேற வண்டி தர்றேன்னு சொல்றாங்க."

"வண்டி கெடக்குது. யார்டுலேர்ந்து வந்த கையோட கேட்டேன், காக்களூர்ல ஒரு கம்பெனில நாளான்னிக்கு வரச் சொல்லி இருந்தாங்க. மத்தியானம் போன் பண்ணி வேணாண்டாங்க. இன்னான்னு கேட்டா கட் பண்ணிட்டாங்க. அந்தப் படம் எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் மறுபடி ஒண்ணு போவணும் சார்."

"போகும்."

"தவறுதலாக நடந்துவிட்டதுன்னு ஒத்த வரி போட்டு முடிச்சிடாதீங்க. அது பேப்பர்காரன் போடுறது. எனுக்குக் காரணம் போட்டாங்க இல்ல? இதுக்கும் காரணம் போடணும். யாரு செஞ்சதுன்னு பேரு வரணும். பேரு இல்லன்னா, ஏழுமலை மேனேஜரு கால்ல வுயுந்து எடுக்க வெச்சான்னுதான் ஊர்ல பேசுவானுங்க."

அவர் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் கொடுக்காமல் என் பக்கத்தில் வைத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். 8.10க்கு வீடு. நடந்ததைச் சொன்னேன். என் மனைவி, மகனின் கல்லூரி இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அது உண்மை. மே 23ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து, "அர்த்தமற்றது" என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று டைரியை மூடிப் படுத்தேன்.

ஜூன் 15, வியாழக்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். கம்பெனி அடையாள அட்டையைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, விளக்கைப் போட்டு, படம் எடுத்தேன். முதல் படத்தில் என் முகத்தில் வெளிச்சம் அடித்துத் தெளிவில்லாமல் இருந்தது, இன்னொன்று எடுத்தேன். குழுவின் படிவப்படியே கீழே எழுதினேன். பெயர் என்ற இடத்தில் என் முழுப் பெயர். பொறுப்பு: பராமரிப்பு. காரணம்: "புதிய வகை லாரிக்குப் பழைய வகை ஆயிலை மூன்று முறை ஊற்றி, புகை வடிகட்டியை அடைத்து, டீசலை வீணாக்கியது. ஆயில் ஏறுகிறது என்று ஓட்டுநர் ஏழுமலை சொன்னபோது வண்டியைப் பார்க்காமலே இல்லை என்று சாட்சி சொன்னது. நேற்று இங்கே வந்த அவருடைய படம் பொய். அவர் ஒரு சொட்டும் எடுக்கவில்லை."

ஒரு முறை படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. 5.34க்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் பல் துலக்கப் போனேன்.